'வாயால கேட்டா சொல்லுதான், எழுதச் சொன்னா வரலை'... கற்றல் குறைபாடா? நெல்லைப் பெற்றோர் எங்கே போகணும்? சான்றிதழ் முதல் தேர்வுச் சலுகை வரை முழு விவரம்

பாடத்தை வாசித்துக் காட்டினால் புரிகிறது. வாயால் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வருகிறது. செல்போனை நம்மைவிட நன்றாகவே இயக்குகிறான். ஆனால் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் வியர்த்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் பாதி வெள்ளையாகவே இருக்கிறது.

"படிக்கவே மாட்டேங்கான்", "மண்டையில ஏற மாட்டேங்கு" என்று திருநெல்வேலிப் பக்கம் பள்ளி வாசல்களில் பெற்றோர் சொல்வதைக் கேட்கலாம். பள்ளியில் இருந்து வரும் பதில், "டியூஷன் வைங்க". டியூஷன் மாறும், டீச்சர் மாறுவார், பள்ளிக்கூடமே கூட மாறும். மார்க் மட்டும் மாறாது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது சோம்பேறித்தனமோ அறிவுக்குறைவோ இல்லை, கற்றல் குறைபாடு. ஆங்கிலத்தில் 'ஸ்பெசிஃபிக் லேர்னிங் டிசபிலிட்டி' என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்துள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம், இடஒதுக்கீடு எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எந்த அலுவலகத்தில் தொடங்குவது, எந்த வயதுக்குள் போவது என்பது தெரியாமல் பல குடும்பங்கள் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்துவிடுகின்றன.

பாபநாசம் மலையடிவாரத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில் இருக்கும் பெற்றோருக்கு என்ன வழி? பார்க்கலாம்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

பார்வை சரியாக இருக்கிறது. காது கேட்கிறது. அறிவுத்திறன் சராசரியாகவோ அதற்கு மேலோ இருக்கிறது. பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறார். இருந்தும் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் ஒன்றோ பலவோ மட்டும் வயதுக்கு ஏற்ற அளவில் வரவில்லை என்றால் அதுதான் கற்றல் குறைபாடு.

வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா. எழுத்தில் வருவது டிஸ்கிராபியா. கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. ஒரே பிள்ளைக்கு இரண்டு, மூன்று சேர்ந்தும் வரலாம். கவனக்குறைவு, துறுதுறுப்பு மிகுதி எனப்படும் ஏடிஹெச்டியும் சிலருக்கு உடன் இருக்கும்.

இது மூளை எழுத்தையும் ஒலியையும் கையாளும் விதத்தில் இருக்கும் வேறுபாடு. காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோய் இல்லை. மாத்திரை, டானிக், லேகியம் எதுவும் இதைக் குணப்படுத்தாது. "மூணே மாசத்துல சரி பண்ணிடுவோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் பர்ஸை மூடிக்கொண்டு நகர்வது நல்லது. சரியான முறையில் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு கண்டிப்பாக மேம்படும். ஆனால் அது மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை.

1896ல் பிரிங்கிள் மோர்கன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், புத்திசாலியான ஒரு 14 வயதுப் பையனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை என்று மருத்துவ இதழில் எழுதினார். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1890களில், நம்ம பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் மிஷனரிகள் பள்ளிகள் தொடங்கிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற குறைபாட்டுக்கு அப்போதே பள்ளி வந்தது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறைபாடு இந்தியச் சட்டத்துக்குள் வர 2016 வரை ஆனது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்த 7 வகைகளில் கற்றல் குறைபாடு கிடையாது. 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' இந்திப் படம்தான் டிஸ்லெக்சியா என்ற வார்த்தையையே பல வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

தமிழில் இது எப்படித் தெரியும்?

இணையத்தில் தேடினால் 'b'யை 'd' என்று எழுதுவார்கள் என்ற ஆங்கில உதாரணம்தான் முதலில் வரும் என்பதால், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் "நம்ம பிள்ளைக்கு அப்படி இல்லையே" என்று விட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. தமிழில் இது வேறு மாதிரி தெரியும்.

தமிழில் மொத்தம் 247 எழுத்து. பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கலாம் என்பது பிள்ளைக்கு ஒரு வசதி. ஆனால் சில இடங்கள் சிக்கலானவை. 'கெ', 'கே', 'கை' எழுதும்போது கொம்பும் சுழியும் முன்னால் வரும், ஒலியோ பின்னால் வரும். 'கொ', 'கோ' என்றால் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வரும். 'கௌ' என்பதில் கடைசியில் இருக்கும் குறி 'ள' போலவே இருப்பதால் 'கெள' என்று வாசித்துவிடுவார்கள். க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள் இங்கேதான் அதிகம் தடுமாறுவார்கள்.

மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்துக்கூட்டியே வாசிப்பது, புள்ளியையும் துணைக்காலையும் விட்டுவிடுவது, 'பள்ளி'யை 'பளி' என்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வது, வாசித்த வரியையே திரும்ப வாசிப்பது, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுப்பது, இவையெல்லாம் கவனிக்க வேண்டியவை. கணக்கில் 17, 71 மாறிப் போவது, கூட்டும்போது இலக்கங்கள் வரிசை தவறுவது தெரியும். நம்ம எண்ணுப் பெயர்களும் லேசுப்பட்டவை இல்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்க, ஒரு சின்னப் பிள்ளை ஏன் குழம்புகிறது என்று புரியும்.

ஒரு விஷயத்தில் பயப்படத் தேவையில்லை. ல, ள, ழ குழப்பமும், ர, ற குழப்பமும், இரண்டு சுழி மூன்று சுழிக் குழப்பமும் மட்டும் இருந்தால் அது கற்றல் குறைபாட்டின் அடையாளம் கிடையாது. பேச்சில் அந்த வேறுபாடு பெரும்பாலும் இல்லாததால் பெரியவர்களே தவறாக எழுதுகிறோம். பட்டதாரிகளின் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தாலே போதும்.

பள்ளி விட்டுப்போன இடைவெளியா, குறைபாடா?

இந்தக் கேள்வி முக்கியம். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் பல பிள்ளைகளுக்கு எழுத்தே தவறிப்போனது. அதைச் சரிசெய்யத்தான் தமிழக அரசு 2022ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி லீவு போட்டது, ஊர் மாறியது, தமிழ் மீடியத்தில் இருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குத் திடீரென்று மாற்றியது, கண்ணாடி போட வேண்டிய பார்வைக் குறை, வீட்டில் நடக்கும் சண்டை, இவை எல்லாமே படிப்பைப் பாதிக்கும். இவற்றுக்குக் கற்றல் குறைபாடு என்று பெயர் வைக்க முடியாது.

வித்தியாசம் தெரிய ஒரு எளிய வழி உண்டு. ஆறு மாதம் அந்தப் பிள்ளையின் மட்டத்தில் இருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் இடைவெளி உள்ள பிள்ளை பெரும்பாலும் எட்டிப்பிடித்துவிடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை அதே பயிற்சிக்குப் பிறகும் அதே இடத்தில் தடுமாறும். அப்போதுதான் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்க. பரிசோதனைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஆல் பாஸ். இது பிள்ளைகளைப் பள்ளியில் தக்கவைக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் கற்றல் குறைபாடு இருந்தால் அது ஒன்பதாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் போகவும் இதுவே ஒரு காரணமாகிவிடுகிறது. ரேங்க் கார்டில் 'தேர்ச்சி' என்று இருக்கும்போது பெற்றோர் எதற்குச் சந்தேகப்படப் போகிறார்கள்?

முதலில் யாரைப் பார்க்கணும்?

அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ என்றால், தலைமையாசிரியரிடம் எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுங்க. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையம் இருக்கிறது. பேச்சுவழக்கில் பிஆர்சி. அங்கே உள்ளடக்கிய கல்விப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கு நேரில் வந்து பிள்ளைகளைப் பார்ப்பதும், மதிப்பீட்டு மருத்துவ முகாமுக்குப் பெயர் சேர்ப்பதும் அவர்கள் வேலை. பள்ளிக்கல்வித் துறை ஆசிரியர்களுக்கு 'நலம் நாடி' என்ற செயலியையும் தந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது குறைபாடு இருக்கலாம் என்று பட்டால் ஆசிரியர் அதில் பதிவுசெய்யலாம். "நலம் நாடியில என் பிள்ளை பேரு ஏத்தியிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆர்பிஎஸ்கே எனப்படும் தேசிய குழந்தைகள் நலத் திட்டம் 2013ல் தொடங்கியது. இதன் மருத்துவக் குழுக்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடிகளுக்கு இரண்டு முறையும் வர வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கும் இந்தத் திட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் உண்டு. பல் சொத்தை, ரத்தசோகை பார்ப்பதோடு அந்த நாள் முடிந்துவிடக் கூடாது. டாக்டர் குழு வரும் தேதியைக் கேட்டுவைத்து, அன்று நீங்களும் பள்ளிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்க.

தனியார் பள்ளி என்றால் இந்தக் குழுக்கள் பொதுவாக வராது. நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

எந்த மருத்துவமனை?

திருநெல்வேலி மாவட்டத்துக்குப் பெரிய இடம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1965ல் தொடங்கிய கல்லூரி. ஊரில் யாரிடம் கேட்டாலும் 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி' என்றால் வழி சொல்வார்கள். அங்கே குழந்தைகள் நலப் பிரிவில் தொடங்குங்க. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதாவது 'டிஇஐசி' எங்கே என்று விசாரியுங்க. மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் பதற வேண்டாம். அறிவுத்திறன் சோதனையும் கற்றல் சோதனையும் செய்கிற உளவியலாளர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவோடுதான் இருப்பார்கள். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க" என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்ற பயத்தில் பாதியில் திரும்பிவிட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? பிள்ளையின் தமிழ், ஆங்கிலம், கணக்கு நோட்டுகள், பழைய பரீட்சைத் தாள்கள், ரேங்க் கார்டு, வகுப்பாசிரியர் கையால் எழுதிய ஒரு குறிப்பு, கண், காது பரிசோதனைச் சீட்டு. நோட்டு மிக முக்கியம். ஒரு மணி நேரம் நீங்கள் பேசுவதைவிட இரண்டு பக்கக் கையெழுத்து அதிகம் சொல்லும்.

சோதனை ஒரே நாளில் முடியாது. முதலில் ஐக்யூ சோதனை. பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு, நினைவாற்றல் ஆகியவற்றுக்குத் தனித்தனி சோதனை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத்தான் மத்திய அரசின் விதிமுறை குறிப்பிடுகிறது. பிள்ளை பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறதோ அந்த மொழியில் சோதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்க. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை ஆங்கிலத் தாளை மட்டும் வைத்து அளந்தால் முடிவு தவறாகிவிடும்.

பீடி சுற்றியோ வயல் வேலைக்குப் போயோ பிழைக்கும் குடும்பத்துக்கு நான்கு முறை ஹைகிரவுண்டுக்கு வருவது என்றால் நான்கு நாள் கூலி போனது என்று அர்த்தம். முக்கூடலில் இருந்தோ விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தோ பஸ் ஏறி வந்து, "டாக்டர் இன்னைக்கு லீவு" என்று திரும்புவது கொடுமை. அதனால் முதல் நாளே அடுத்தடுத்த தேதிகளைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. வட்டார வள மையத்தின் மதிப்பீட்டு முகாம் உங்கள் ஒன்றியத்தில் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என்று சொல்பவர்கள் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

சான்றிதழ் எந்த வயதில்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 2018 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த விதிமுறைப்படி, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயது நிரம்பிய பிறகுதான் கிடைக்கும். அதற்கு முன்பு பிள்ளைகள் எழுத்தை மாற்றிப் போடுவது இயல்பு என்பதே காரணம். பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபரிசோதனை. 18 வயதில் தரும் சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும். 2024 மார்ச்சில் இந்த விதிமுறைகள் திருத்தப்பட்டன என்பதால், மறுபரிசோதனை எப்போது என்பதை உங்கள் சான்றிதழில் இருப்பதை வைத்தே முடிவு செய்யுங்க.

8 வயது வரை சும்மா இருக்கணுமா? கூடாது. சான்றிதழுக்குத்தான் வயது வரம்பு. பயிற்சிக்கு வரம்பே இல்லை. பேச்சு தாமதமாக வந்த பிள்ளை, எதுகை மோனைப் பாட்டில் ஒலி ஒற்றுமையைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை, ஒன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்தை அடையாளம் காணாத பிள்ளை என்றால் 6 வயதிலேயே உதவி கேட்கலாம்.

விண்ணப்பம் ஆன்லைனில். 'சுவாவலம்பன்' இணையதளத்தில் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கணும். பிள்ளையின் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று தேவை. போனில் செய்ய வராதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். மருத்துவக் குழுவின் மதிப்பீடு முடிந்த பிறகு அட்டை வரும். 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, அதற்கு மேல் 80க்குள் மஞ்சள், 80 முதல் நீலம்.

முகவரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆலங்குளம், கடையம், சங்கரன்கோவில் பக்கத்தவர்கள் தென்காசி மாவட்ட அலுவலகத்தையும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கத்தவர்கள் தூத்துக்குடியையும் அணுக வேண்டும். ஆறு ஒன்றுதான், ஆபீஸ் வேறு வேறு.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தினது ஆகாதா?

பெற்றோர் மனதில் பெரிதாக நிற்பது இந்தக் கேள்விதான். பெண் பிள்ளை என்றால் கல்யாணம் வரை யோசிக்கிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளிகள்' என்று தமிழக அரசே சொல்லத் தொடங்கியது 2010ல்தான். சொல் மாறிய வேகத்தில் ஊர் மாறவில்லை.

ஆனால் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கும் முத்திரை இருக்கத்தான் செய்கிறது. மக்கு, மந்தம், உருப்படாதவன். வகுப்பில் தினமும் அதைக் கேட்டு வளர்வதா, அல்லது பீரோவுக்குள் ஒரு அட்டை இருப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அட்டையை யாரிடம் காட்டுவது என்பது உங்கள் முடிவு. மாற்றுச் சான்றிதழில் அது அச்சாகப் போவதில்லை.

பொதுத்தேர்வில் என்ன சலுகை?

தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களையும் மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் சேர்த்துச் சலுகை தருகிறது. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்தில் இருந்து விலக்கு ஆகியவை முக்கியமானவை.

இது தானாக வராது. தலைமையாசிரியர் வழியாக, மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பித்து, முன்கூட்டியே அனுமதி ஆணை வாங்க வேண்டும். பிப்ரவரியில் போய் நின்றால் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்க. 14 வயது மறுபரிசோதனையும் சரியாக அந்த நேரத்தில்தான் வருகிறது. பழைய சான்றிதழ் காலாவதியாகி, புதியது வராமல் நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மொழிப்பாட விலக்கு கேட்கும் முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது. எந்த மொழியை விடுவது என்பது பின்னால் சேரப்போகும் படிப்பையும் எழுதப்போகும் வேலைத் தேர்வுகளையும் தொடும். கூடுதல் நேரமும் எழுதுபவரும் கிடைத்தாலே சமாளிக்கிற பிள்ளைக்கு விலக்கு தேவைப்படாமலும் போகலாம். எழுதுபவரோடு பரீட்சை எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். தெரிந்த பதிலை வாக்கியமாகச் சொல்லி எழுத வைப்பது லேசான வேலை இல்லை. அரையாண்டுத் தேர்விலேயே அப்படி எழுதிப் பழகட்டும்.

சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் தருகிறார்கள். மாநிலப் பாடத்திட்டமோ சிபிஎஸ்இயோ எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாக எழுதலாம். ஆனால் பள்ளியில் இருந்து பிள்ளையை வெளியேற்ற இதை ஒரு வழியாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

40 சதவீதம் இல்லை என்றால்?

கல்லூரியில் 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கு 40 சதவீதக் குறைபாடு அவசியம். வேலை ஒதுக்கீட்டில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம்.

ஆனால் தேர்வில் எழுதுபவரும் நேரமும் கேட்க 40 சதவீதம் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள விகாஷ் குமார் என்பவர், யுபிஎஸ்சி தேர்வில் எழுதுபவர் மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கு அது. பிப்ரவரி 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வழக்கு. டிஸ்கிராபியா உள்ள அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் தாளை வாங்கிவிட்டார்கள். மறுதேர்வுக்கு நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்ய வழி காணும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசும், 40 சதவீதத்துக்குக் கீழ் இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வெள்ளை அட்டைதானே என்று யாராவது மறுத்தால் இந்தத் தீர்ப்புகளைச் சொல்லலாம்.

பண உதவி கிடைக்குமா?

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும்தான். கற்றல் குறைபாட்டுக்குப் பொருந்தாது. "நிராமயா போட்டுத் தாரேன்" என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கல்வி உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி அட்டையோடு போய்க் கேட்கலாம்.

சென்னைக்கு ரயில் ஏறணுமா?

உண்மையைச் சொன்னால், கற்றல் குறைபாட்டுக்கென்றே இயங்கும் அமைப்புகளில் பெயர் பெற்றவை சென்னைப் பக்கம்தான் இருக்கின்றன. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களில் இருந்து மதிப்பீடு, பயிற்சி, ஆசிரியர் பயிற்சி என்று வேலை செய்கிறது. ஈசிஆர் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது.

நெல்லைப் பக்கத்தில் தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் உண்டு. கழுத்தெலும்பு முறிந்து உடல் செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கியது. 2020ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே முக்கியமான வேலை உடல் குறைபாடு, சிறு வயது வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றில்தான். பேச்சோ நடையோ தாமதமான சின்னக் குழந்தை என்றால் இங்கே விசாரிப்பது பலன் தரும்.

உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் கட்டம் கட்டமாகத் திறக்கப்படுகின்றன. உங்கள் வட்டாரத்தில் வந்துவிட்டதா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க. ஒருமுறை மதிப்பீட்டுக்குச் சென்னை போவதில் தப்பில்லை. ஆனால் வாரம் மூன்று நாள் பயிற்சி தரப்போவது உள்ளூர் ஆசிரியரும் நீங்களும்தான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பழைய திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைக்கிறோம். டிஸ்லெக்சியா பயிற்சியில் இன்றும் அதைத்தான் வேறு பெயரில் செய்கிறார்கள். கண்ணால் பார்த்து, வாயால் ஒலித்து, விரலால் தடவி எழுதுவது. ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து போதும். 'மா', 'மரம்', 'மண்' என்று ஒலியைக் கைதட்டிப் பிரித்துச் சொல்ல வைக்கலாம். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து வாசிக்கச் சொல்லலாம். 20 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

வாசிப்புப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கட்டும். பாடம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அறிவியலும் சமூக அறிவியலும் காதால் கேட்டே புரியும். 2023ல் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட 'மணற்கேணி' செயலியில் பாடங்கள் வீடியோவாக இருக்கின்றன. போனில் இருக்கும் 'சத்தமாக வாசி' வசதி தமிழையும் வாசிக்கும். அக்காவோ தாத்தாவோ வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

தப்பாக எழுதியதை ஐம்பது தடவை எழுதச் சொல்வதால் பயனே இல்லை. ஐம்பது தடவையும் தப்பாகவே எழுதிப் பழகும் பிள்ளைகள் உண்டு.

இங்கிலீஷ் மீடியத்தில் இருந்து தமிழ் மீடியத்துக்கு மாற்றினால் சரியாகிடுமா என்று கேட்பவர்கள் நிறைய. குறைபாடு மீடியத்தோடு போகாது. ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கே இல்லாத ஆங்கில ஸ்பெல்லிங்கின் சுமை குறையும், பாடமாவது புரியும். பிள்ளையைக் கேட்டு, நண்பர்களை விட்டுப் பிரியும் வருத்தத்தையும் யோசித்து முடிவெடுங்க.

பள்ளி 'டிசி வாங்கிட்டுப் போங்க' என்றால்?

அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியில் இருந்து வெளியேற்றக் கூடாது. அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் அதே சட்டத்தில் தடை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் சதவீதத்துக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையைக் கழற்றிவிடப் பார்த்தால், "எழுத்துல கொடுங்க சார்" என்று கேட்டுப் பாருங்க. பல இடங்களில் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையை அடித்தாலோ துன்புறுத்தினாலோ 1098. கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. மனுவோடு யுடிஐடி அட்டை நகலும் பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகலும் இணையுங்க. மனு கொடுத்ததும் ரசீது எண் தருவார்கள். அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க, அடுத்த முறை போனதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.